எண்ணெய் குடித்த மேசை

மேசைக்குப் போக ஒரு டைல் மிஞ்சிவிட்டது. என் சமையலறை ஜன்னலில் வைத்திருக்கிறேன். அதன் முதுகில் நீல மெழுகுக் குச்சியால் நீ எழுதிய 3 இருக்கிறது. செமோர் ஊருக்குப் பக்கத்து டைல் தொழிற்சாலையில் ஒரே பெல்ட்டின் இரண்டு பக்கமும் நின்று நாம் நிறம் பிரித்தோம். நிறம் ஒத்துப்போகாதவற்றின் முதுகில் எண் போடுவது உன் வேலை. அந்தக் கழிவு டைல்களை சூப்பர்வைசரிடம் கேட்டு, வாரத்துக்கு நாலைந்தாக வீட்டுக்குக் கொண்டுபோவாய். "எங்கம்மா மேசைக்கு ஒரு நாள் போடுறேன் பாரு, ஹோட்டல் மாதிரி இருக்கும் லா," என்பாய்.

அந்த மேசை உங்கள் ரப்பர் தோட்டத்து லய வீட்டிலிருந்து வந்தது. மூன்று தலைமுறையாகப் பால்மரம் சீவியவர்களை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு நிலத்தை விற்றார்கள். இப்போது அங்கே வாசலில் காவலாளி நிற்கும் வீடுகள். உங்களுக்குக் கிடைத்தது ஈப்போவில் நாலாவது மாடி பிளாட்டும் பாதி நாள் ஓடாத லிப்டும்.

நீ போன பிறகு உன் அம்மா பிளாட்டுக்குக் கீழே அந்த மேசையைப் போட்டு வடையும் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறும் விற்கிறார். நகராட்சியிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். மரப்பலகை ஆகாது, கழுவித் துடைக்கிற மாதிரி இருந்தால்தான் லைசன்ஸ், புதன்கிழமை மறுபடி வருவேன் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் உங்கள் லயத்தில் சாக்கடை நிரம்பி வாசலுக்கு வந்த வருஷங்களில் சுத்தம் பார்க்க ஒரு அதிகாரியும் வந்ததில்லை. லைசன்ஸ் இல்லையென்றால் கடை இல்லை. உன் சம்பளம் நின்ற வீட்டில் கடையைத் தவிர வேறு எதுவும் இல்லை.

அதனால் நான் வேலையில் இறங்கினேன். கால்களை உப்புத்தாளால் தேய்த்துப் பச்சை பெயிண்ட் அடித்தேன். பலகையில் நேரடியாகப் பசை தடவி நீ சேர்த்துவைத்த டைல்களை ஒட்டினேன். மறுநாள் தட்டிப் பார்த்தால், ஆறு டைல்கள் அப்பளம் மாதிரி கையோடு வந்தன. லயத்துச் சமையல் நாளிலிருந்து எத்தனை வருஷத்து எண்ணெய் அந்த மரத்துக்குள்!

"நாள் பூரா டைலோட நிக்கிறே, இது தெரியாதா?" என்று உன் அம்மா சிரித்தார்.

நாம் லட்சக்கணக்கில் டைல் பார்த்தோம். ஒன்றையாவது ஒட்டினோமா? எல்லாவற்றையும் பெயர்த்து, பசையைச் சுரண்டினேன். பலகையின் மேல் சிமெண்டு அட்டை ஒன்றைத் திருகாணி போட்டு முடுக்கினேன். இடைவெளி சமமாக வர நடுநடுவே தீக்குச்சி வைத்து மறுபடி ஒட்டினேன்.

பசை காயக் காத்திருந்தபோது கேன்டீன் கூட்டம் நினைவுக்கு வந்தது. காலை ஷிப்டுக்கு நம்மை ஏற்றிவரும் கம்பெனி பஸ்ஸை நிர்வாகம் நிறுத்திவிட்டிருந்தது. "நான் எந்திரிச்சா நீயும் எந்திரிக்கணும்," என்று முந்தின நாளே சொன்னாய். "சரி டி," என்றேன். மேலாளர் முன்னால் நீ எழுந்து பஸ்ஸைக் கேட்டாய். கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாய். என் ஒப்பந்தம் அடுத்த வாரம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. நான் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரம் கழித்து, மழையில், மோட்டார் சைக்கிளில் வேலைக்கு வந்த உன்னை மணல் லாரி அடித்தது. "எங்க வாசலுக்கு வெளியே நடந்தது," என்று சொல்லி நிர்வாகம் ஒரு மலர்வளையம் அனுப்பியது.

புதன்கிழமை அதிகாரி வந்தார். மேசையில் தண்ணீர் ஊற்றித் துடைத்தார். நான் வெள்ளைச் சிமெண்டு பூசி அடைத்திருந்த இடுக்குகளில் விரலை ஓட்டிப் பார்த்தார். "ஓகே, போலே லா," என்று கையெழுத்துப் போட்டுவிட்டு இரண்டு வடை வாங்கிக்கொண்டு போனார்.

உன் அம்மா எனக்குக் கோப்பி ஊற்றினார். "எல்லாத்துலயும் நீ ஒருத்திதான்மா அவ கூட நின்னே."

"நிக்கலம்மா," என்றேன். "பஸ்ஸுக்காக அவ பேசினப்ப என்னைத் திரும்பிப் பார்த்தா. நான் எந்திரிக்கல."

அவர் வடையைப் புரட்டுவதை நிறுத்தவில்லை. "தெரியும். அன்னிக்கே வந்து சொன்னா. உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினா. மறுநாள் காலையில உனக்கும் சேர்த்து சோறு கட்டச் சொன்னா."

அந்தப் பொட்டலம் நினைவிருக்கிறது. முட்டை இரண்டு இருந்தன. ஏன் என்று கேட்டேன். "பேசாம தின்னு டி," என்றாய். தின்றேன்.

பஸ் இன்னும் விடவில்லை. பெல்ட்டில் உன் இடத்தில் நிற்கும் புதுப் பெண்ணும் மோட்டாரில்தான் வருகிறாள். வெள்ளிக்கிழமை மறுபடி கூட்டம். நான் எழுந்து கேட்பேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அவள் நம்பிவிட்டாள். எனக்குத்தான் என்மேல் இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை.