மருந்து அடிக்காத கொல்லை

மே 5, திங்கள்

காலையிலேயே அனல். கரண்ட் இல்லை. ஊறப்போட்ட அரிசி அப்படியே கிடக்கிறது.

இத்தாவில் இருக்கிறேன், புருஷன் போனால் நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டக்கூடாது. அடுப்படி, ஹால், மறுபடி அடுப்படி. இவர் மௌத்தாகி ஒரு மாதம். கால் ஓர் இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது.

பழனி ஃபோன், வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து. அவனுடைய மரவள்ளிக் கொல்லையில்தான் இவர் கடைசியாகச் சோதனை வைத்திருந்தார். பாதிக்கு மருந்து, பாதிக்கு ஒன்றும் கிடையாது.

"அம்மா, மருந்து அடிக்காத பக்கம் பூரா மாவுப்பூச்சி. வெள்ளை வெளேர்னு கெடக்கு. சாரு இல்ல, யாரைக் கேக்கறது? விவசாய ஆபீஸ்ல மருந்து குடுத்துட்டாங்க. அடிச்சிடட்டுமா?"

நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். ஏழாவதோடு நின்றவள் நான். என்னத்தைச் சொல்ல.

மே 6, செவ்வாய்

தூக்கமில்லை. தண்ணீர் வாளி வேறு ஓட்டை.

மலைக்கொல்லை எல்லாவற்றுக்கும் மருந்து அடிக்கச் சொல்லி, இவர் வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரு தாள் வந்தது. இவர் கையெழுத்துப் போடவில்லை. மாவுப்பூச்சியைத் தின்கிற பூச்சியும் சேர்ந்து சாகும், அப்புறம் மாவுப்பூச்சி இன்னும் ஜாஸ்தியாகும் என்று பெரிய அதிகாரிகள் கூட்டத்திலேயே எழுந்து சொன்னார். மாற்றல். மறுபடி மாற்றல். கடைசியில் வேலையை விட்டார். பழனி கொல்லையில் வைத்த சோதனை அதற்கப்புறம், சொந்தக் காசில்.

மாமி, இவரைப் பெற்றவர், அன்றைக்குக் கத்தினது: "சர்க்கார் சோறு கசக்குதாடா? ஒரு கையெழுத்துல இன்னா தேஞ்சிடுவே?"

அவர் சொன்னது சரி என்று இத்தனை வருஷம் நம்பினேன். வீட்டுக்குள் உட்கார்ந்து நம்புவது வேறு. பழனிக்கு மூன்று பிள்ளை. கிழங்கு போனால்?

வெள்ளிக்கிழமை வரை பொறுத்துக்கோ என்று அவனிடம் சொல்லிவிட்டேன். ஏன் வெள்ளிக்கிழமை, எனக்கே தெரியாது.

மே 8, வியாழன்

பழனி மறுபடி. "பூச்சி பெருசாயிடுச்சிம்மா. சிலது ஓடுது."

ஓடுகிறதா! இவர் ஒருமுறை பாட்டிலில் கொண்டுவந்து காட்டினார். மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளை, முடி முடியாக, ஆனால் பெரிது, ஓடும். பொறிவண்டுக் குஞ்சு, இதுதான் அதைத் தின்கிறது என்றார். சொன்னேன்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தாம்மா தெரியுது. நாளைக்கு மருந்தை டேங்க்ல ஊத்திடுவேன், கோச்சிக்காதீங்க."

அவன் பார்த்தது அதுதானா? ஃபோனில் எப்படித் தெரியும். போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று மாமியிடம் கேட்டேன்.

"இத்தாவுல மலையேறப் போறியா? ஊரு சிரிக்கும்."

உட்கார்ந்தேன். எழுந்தேன். கழுவின பாத்திரத்தையே கழுவினேன். மாமி பீரோவைத் திறந்து புர்காவை உதறுகிற சத்தம்.

"உனக்குத்தானே இத்தா, எனக்கா? காலைல பஸ்ஸுக்குப் போறேன். இன்னா பாக்கணும், சொல்லு."

"கொழுந்தைப் பாருங்க மாமி. முட்டைக்கோசு மாதிரி சுருண்டிருந்தா மோசம். விரிஞ்சா பொழைச்சிக்கும்."

"கோசு. சரி. வளைவுல வாந்தி வருமாமே, எலுமிச்சம்பழம் இருக்குதா?"

மே 9, வெள்ளி

புழுக்கம். மாமி போய்விட்டார்கள். மலையில் சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். சோறு பொங்கி மூடி வைத்தேன். சாப்பிடாமல் ஃபோனைச் சார்ஜில் போட்டேன், எடுத்தேன், போட்டேன்.

ஜும்மா தொழுகை முடிந்து ஆட்கள் தெருவில் திரும்புகிற நேரம் ஃபோன் அடித்தது, மாமிதான்.

"ஓரத்துல இருக்கறது போச்சிடி. மொட்டையா நிக்குது. உள்ள கொழுந்து விரிஞ்சிகினு வருது. நானே இலையைப் பிடிச்சிப் பாத்தேன். பழனி டேங்க்கைக் கவுத்துட்டான்."

பக்கத்தில் பழனி குரல்: "ஒரு வாரம் பாப்பேன்மா. அப்பவும் பூச்சி எறங்கலன்னா அடிச்சிடுவேன்."

"உன் கொல்லை, அடிச்சிக்கோ பழனி" என்றேன்.

மாமி யாரையோ திட்டுகிற சத்தம். என்னை இல்லை, பழனியையும் இல்லை.

"சரியாத்தான் சொல்லிட்டுப் போயிருக்கே. அதை உசுரோட இருந்து சொன்னா இன்னாடா?"

அப்புறம் வெறும் காற்றுச் சத்தம். மாமி ஃபோனை வைக்கவில்லை. நானும்.