தொட்டவர்களின் எச்சில்

ஆடி, செவ்வாய்

காலையில் தூறல். காற்று அதிகம். தென்னம்பிள்ளை வைக்கக் குழி எடுத்த இடத்தில் மகன் செல்வராசு கண்ணில் தாழி ஒன்று பட்டது. வாய் உடைந்த தாழி. உள்ளே இரண்டு மண்டை ஓடு, ஒன்று பெரிது, ஒன்று சிறிது. அவன் மகள் கயலுக்குப் போன் போட்டோம். தஞ்சாவூரில் பழைய எலும்பை வைத்துத்தான் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். எங்கள் வகையறாவில் அவள்தான் முதல். நான் ஐந்தாவதோடு நின்றவள்.

"யாரும் கை வைக்காதீங்க, நாங்க வர்றோம்" என்றாள்.

அதற்குள் கை வைத்தாயிற்று. செல்வராசு தூக்கிக் கொடுத்தான், சின்னத் தலையை நான் முந்தானையால் துடைத்து, மஞ்சள் பூசி, பொட்டும் வைத்துவிட்டேன். மண்ணோடு எப்படி விடுவது.

புளி தீர்ந்துவிட்டது. மிளகாய் காயவில்லை.

ஆடி, வெள்ளி

வெயில். கயல், அவள் சார், இன்னும் சில பிள்ளைகள். உடம்பெல்லாம் வெள்ளை உறை, முகமூடி. தெருவே வேலி ஓரத்தில். என் பேத்தி என்று எல்லோரிடமும் சொன்னேன். தெரிந்தவர்களிடமும் சொன்னேன்.

மஞ்சளைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"ஏன் அப்பாயி, பூ மட்டும் விட்டுட்டீங்க?"

"பூ கிடைக்கல" என்றேன். சார் சிரித்துவிட்டார்.

தாயும் பிள்ளையுமா என்று பார்ப்பார்களாம். காதுப் பக்கத்துக் கெட்டி எலும்பில் டி.என்.ஏ. என்று ஏதாவது மிஞ்சியிருந்தால் தெரியுமாம். நம் ஊர்ச் சூட்டுக்கும் ஈரத்துக்கும் மிஞ்சுவதே அபூர்வமாம். தொட்டவர்களுடையதும் எலும்பில் ஒட்டியிருக்கும், அதைக் கழிக்க வேண்டும். அதனால் தொட்டவர்கள் எச்சில் கொடுக்க வேண்டும்.

செல்வராசு, நான். ஆளுக்கொரு குழாய்.

"வெத்தல போடுற வாய் பாப்பா, எங்கம்மாவுக்குக் குழாய் பத்தாது" என்றான் செல்வராசு.

வேண்டாமென்றால் வேண்டாம் என்று சொல்லலாம் என்றாள் கயல். பேத்தி கேட்டு நான் வேண்டாம் என்பேனா. கையெழுத்துப் போட்டேன். நன்றாகவே விழுந்தது.

ஆடி, சனி

நேற்று துப்பும்போது தோன்றாதது இன்று பாத்திரம் துலக்கும்போது தோன்றியது. தாழிக்குள் இருப்பவர்களைத் தாயும் பிள்ளையுமா என்று பார்க்கிறவர்கள், எங்களையும் அப்படித்தானே பார்ப்பார்கள்.

செல்வராசைப் பெற்றது நான் இல்லை. என் தங்கை சரோஜா. அவளுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. எனக்கு எதுவும் தங்கவில்லை. பிரசவத்துக்கு என்று அம்மா வீட்டுக்குப் போனேன், பிள்ளையோடு வந்தேன். என் வீட்டுக்காரருக்குத் தெரியும், அவர் போய்விட்டார். இப்போது தெரிந்தவர்கள் சரோஜாவும் நானும்தான். சரோஜா மன்னார்குடியில் கௌரவமாக இருக்கிறாள், மருமகள்கள், பேரன் பேத்தி. செல்வராசுக்கு அவள் சித்தி.

தப்பு என்று ஒருநாளும் நினைத்ததில்லை. இன்றும் இல்லை.

சரோஜாவுக்குப் போன். மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

மார்கழி, புதன்

பனி. கோலமாவு ஈரம், இழுக்க வரவில்லை. தாழி எடுத்த குழி இன்னும் அப்படியே. கன்று வைக்கச் செல்வராசுக்கு மனமில்லையாம். நாய் அதன் ஓரத்தில் நின்று உறுமுகிறது, உள்ளே ஒன்றுமில்லை.

"நாம ராஜா வம்சமான்னு பாரு பாப்பா" என்று போனில் கேலி செய்கிறான். அவள் வேலை இருக்குப்பா என்று வைத்துவிடுகிறாள். எனக்கு அவள் போன் செய்தே வெகுநாள்.

முழங்கால் வலி. தைலம் வாங்க வேண்டும்.

மார்கழி, சனி

சொல்லாமல் வந்தாள் கயல். கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தேன், அங்கேயே கல்லில் உட்கார்ந்தாள்.

"தாழில இருந்தவங்க தாயும் பிள்ளையும் இல்ல அப்பாயி. ரத்த ஒட்டே இல்ல."

"சேர்த்துத்தானே வச்சிருந்தாங்க?"

"ஆமா. சேர்த்துத்தான் வச்சிருந்தாங்க."

பிழிந்த துணியையே பிழிந்தேன்.

"உங்களுக்கும் அப்பாவுக்கும் ஒட்டு இருக்கு. ஆனா பெத்தவங்களுக்கு இருக்குற அளவு இல்ல. பெரியம்மா அளவுதான் இருக்கு." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "எழுதுறதுல உங்க பேரு வராது. நானா யாருகிட்டயும் சொல்லவும் மாட்டேன். அப்பாவா கேட்டா பொய் சொல்ல மாட்டேன்."

பொய் சொல்லாதே என்று சொல்லி அவளை வளர்த்ததே நான்தான்.

மார்கழி, ஞாயிறு

மூட்டம். மார்கழியில் இப்படி ஒரு கருக்கல். காற்றே இல்லை, ஓலை அசையவில்லை.

சரோஜா வருகிறாள். செல்வராசுதான் கூப்பிட்டானாம். "தாழியைப் பத்திப் பாப்பா சொல்லப் போவுது, வந்து கேளுங்க சித்தி" என்று. பேராவூரணி பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.

சாம்பார். கத்தரிக்காய். அவளுக்கு வற்றல் குழம்பு. அப்பளம் இன்னும் பொரிக்கவில்லை.

கயல் கூடத்தில். காகிதங்கள் மடியில், மூடியபடி.

அவள் வாயால் வருவதற்கு முன் நான் சொல்லிவிட வேண்டும். சரோஜாவைக் கேட்காமல் எப்படிச் சொல்வது. இறங்கியதும் அவளை அடுப்படிக்குக் கூப்பிட வேண்டும், குழம்பில் உப்புப் பார்க்க என்று

வண்டி. ஜன்னலில் தெரிகிறது. சரோஜா அவன் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறாள். அவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலில் நின்றே கேட்கிறான்.

"சித்தியும் வந்தாச்சு பாப்பா. எங்க எச்சில் என்ன சொல்லுச்சு?"