கடைசிக் கை பெயிண்ட்

மார்ச் 4

என் அன்புக்குரியவருக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் சுரங்க முகாமில் போன் கிடைக்காதது பெரிய தொல்லை. இந்தக் கடிதமாவது சாமான் வண்டியில் ஒழுங்காக வந்து சேரட்டும்.

வேலை முடிகிற கட்டம். அலமாரிக்குக் கைப்பிடி மாட்டியாயிற்று. கடைசிக் கை பெயிண்ட்தான் பாக்கி. சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் இருந்த சுவரை எடுத்த பிறகு வீடு பளிச்சென்று இருக்கிறது.

ஆனால் சுவர் இருந்த இடத்துக்கு மேலே, கூரையில் ஒரு விரிசல். பெயிண்டர் இரண்டு தரம் பட்டி வைத்து அடைத்தார். மறுபடி வாய் பிளக்கிறது. "பட்டி காய்ஞ்சா வெடிக்கத்தாம்மா செய்யும்" என்கிறார். செவ்வாய்க்கிழமையிலிருந்து மாடியில் மாமாவின் அறைக் கதவு சாத்த மாட்டேன் என்கிறது. அவர் கட்டில் சரியாக அந்த விரிசலுக்கு மேலே. எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள்,
பாப்பா அம்மா

மார்ச் 9

அன்புள்ள சிட்டு,

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்! புது வேலையில் விரிசல் சகஜம். பயப்படாதே. இருபதாம் தேதி அக்கா வீட்டார் வருகிறார்கள், அதற்குள் பெயிண்ட் முடியட்டும். வேறு ஆளைக் கூப்பிட்டுக் காட்டாதே. மேஸ்திரிக்கு ரோஷம் அதிகம், பாதியில் விட்டுப் போய்விடுவார். அப்பாவையும் கிளப்பாதே, வீட்டை இரண்டாக்கிவிடுவார்.

பாப்பாவை மட்டும் அந்த இடத்தில் உட்கார்ந்து விளையாட விடாதே.

உன் கணவன்

மார்ச் 14

என்னங்க,

உங்கள் கடைசி வரியைப் பத்துத் தடவை படித்தேன். வெறும் பட்டி விரிசல் என்றால் பிள்ளை ஏன் அங்கே விளையாடக் கூடாது? நீங்கள் சொன்னதை மீறி ஒரு இன்ஜினியரைக் கூப்பிட்டேன்.

அவர் விரிசலின் குறுக்கே ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் அது இரண்டாகக் கிழிந்திருந்தது. வந்து பார்த்தவர் குரலைக்கூட உயர்த்தவில்லை. "எல்லாரும் வெளிய வாங்க, அப்புறம் பேசலாம்" என்றார்.

மாமா அசையவில்லை. "என் வீட்டை விட்டு நான் ஏன் போகணும்?" என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டார். நான் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். காலுக்கடியில் ஏதோ நறநறவென்றது. "எனக்குப் பயமா இருக்கு மாமா. நீங்க வந்தாத்தான் நானும் போவேன்" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

முட்டுக் கொடுக்க ஆட்கள் வருவதற்குள், சாயங்காலம் நாலு மணிக்கு, கூரையில் பாதி மாமாவின் கட்டிலோடு கீழே வந்தது. நாங்கள் எதிர்வீட்டு வாசலில் நின்றிருந்தோம். பாப்பா இன்னும் சரியாகப் பேசவில்லை.

மேஸ்திரி ஓடி வந்தார். "அது பாரம் தாங்குற சுவர், பீம் போடாம எடுக்கக் கூடாதுன்னு சார் லீவுல வந்தப்பவே சொன்னேம்மா. பீம்னா ரெண்டு மாசம் ஆகும்னதும், சும்மா எடுய்யான்னுட்டார்" என்றார்.

உண்மையா? அதை மட்டும் எழுதுங்கள்.

பாப்பா அம்மா

மார்ச் 19

சிட்டு,

உண்மை.

நாள் முழுக்கச் சுரங்கத்தில் முட்டுக் கொடுக்கிறவன் நான். எனக்குத் தெரியாதா? அக்கா வீட்டார் முன்னால் வீட்டை முடித்துக் காட்ட வேண்டும் என்ற வீம்பு. ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் முதல் கடிதத்தில் விரிசல் என்று படித்ததுமே உள்ளே நடுங்கிப் போனேன். ஒத்துக்கொள்ளத் தைரியம் வரவில்லை, உன்னை அதட்டினேன்.

உன் பதில் கிடைத்ததும் அடுத்த வெள்ளிக்கிழமை வண்டியில் வர அனுமதி வாங்கியிருக்கிறேன். வரலாமா?

உன் கணவன்

மார்ச் 24

அன்புள்ளவருக்கு,

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இரண்டு அறைகளில் இருக்கிறோம். வாருங்கள்.

மேஸ்திரி சொன்னது மாமாவின் காதில் விழவில்லை. யார் செய்த தப்பு என்று தினமும் கேட்கிறார். நான் வாய் திறக்கவில்லை. அவர் எதிரில் உட்கார்ந்து நீங்களே சொல்லுங்கள். பாப்பா நேற்று "அப்பா எப்ப வரும்?" என்று கேட்டாள். அன்றைக்குப் பிறகு முழுசாகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

என்னிடம் மன்னிப்பு எதுவும் கேட்க வேண்டாம். ஒன்று மட்டும் செய்யுங்கள். இனி "பயப்படாதே" என்று என்னிடம் சொல்லாதீர்கள். உங்கள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தால்தான் எனக்கு இப்போது பயம்.

பாப்பா அம்மா