ஒரே பாத்திரச் சபை

நல்லாயன்புரம்,
விளாத்திகுளம் வழி.
அக்டோபர் 2003

கர்த்தருக்குள் பிரியமான மருமகள் அற்புதக்கனிக்கு மாமியார் ஞானப்பூ ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது.

இங்கே நான் சுகம். உன் சுகத்தை உன் கையாலேயே எழுது. மதுரைக் காப்பகத்து சிஸ்டர் கடைக்காரர் வீட்டுக்குப் போன் போட்டு என்னைக் கூப்பிட்டுப் பேசினார்கள். நீ சரியாகச் சாப்பிடுவதில்லையாம். மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கிறாயாம். ஊருக்குப் போகலாமா என்று கேட்டால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறாயாம். என்ன பழக்கம் தாயி இது? மாத்திரை என்ன நார்த்தங்காய் ஊறுகாயா, சேர்த்து வைத்துச் சாப்பிட?

புரட்டாசி முடிந்தும் ஒரே ஒரு மழைதான் பெய்திருக்கிறது. உளுந்து விதைத்தவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நான் தீப்பெட்டி ஆபீஸுக்குத் தீக்குச்சிக் கட்டை அடுக்கப் போய் வருகிறேன். உன் வெள்ளாடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. அதில் ஒன்றுக்கு உன் பிடிவாதம், மடியில் வாய் வைக்கவே மாட்டேன் என்கிறது. நான்தான் மல்லுக்கட்டிக் குடிக்க வைக்கிறேன்.

கோயில் சங்கதி எழுத வேண்டாம் என்று நினைத்துத்தான் பேனாவை எடுத்தேன். எழுதாவிட்டால் நெஞ்சு ஆறாது.

நீ மதுரைக்குப் போன பிறகு கமிட்டி கூடி, இராப்போஜனத்தில் திராட்சரசம் குடிக்கச் சின்னக் கிண்ணம் வாங்கிவிட்டார்கள். மருந்து பாட்டில் மூடி அளவு பிளாஸ்டிக் கிண்ணம், ஆளுக்கு ஒன்று. இனிமேல் அற்புதக்கனி கடைசியாக வந்து முழங்கால்படியிட வேண்டியதில்லை, யாரையும் ஒதுக்கினோம் என்ற பேச்சும் வராது என்று செயலாளர் தேவாசீர்வாதம் சார் எனக்கு விளக்கம் சொன்னார். எல்லாரும் குடித்த பிறகுதான் நீ குடிக்க வேண்டும் என்று வீடு தேடி வந்து சொன்னவரும் இதே சார்தான்.

எய்ட்ஸ் எச்சிலில் ஒட்டாது என்று டாக்டரம்மா கோயிலுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். ஆட்டிவிட்டுப் போய்க் கிண்ணம் வாங்கினார்கள்.

நமக்கு வெளியூரில் என்ன பெயர்? ஒரே பாத்திரச் சபை. என் மாமியார் காலத்தில் மேலத்தெருவுக்கு ஒரு வெள்ளிப் பாத்திரம், நம் கீழத்தெருவுக்கு ஒரு பாத்திரம். அப்போது இருந்த பாதிரி ஐயர் இரண்டையும் கோவில்பட்டிக்குக் கொண்டுபோய், ஆசாரியிடம் கொடுத்து உருக்கி ஒன்றாகச் செய்துவிட்டார். அதில் குடிக்க மாட்டோம் என்று மேலத்தெரு கொஞ்ச காலம் கோயிலுக்கே வரவில்லை. பிறகு வந்தார்கள், குடித்தார்கள். இன்றைக்கும் சமூக நீதி என்று யார் கூட்டம் போட்டாலும் நம் சபையார் எழுந்து அந்தக் கதையைத்தான் சொல்லுகிறார்கள். உன்னைக் கடைசிக்குத் தள்ளியபோது கீழத்தெருவிலும் ஒருவர் வாயைத் திறக்கவில்லை. பட்டவர்களுக்கே மறந்துபோகுமா? அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை இராப்போஜன ஆராதனை. எல்லாரும் போய் வரட்டும் என்று இருந்து, கடைசியில், நீ முழங்கால்படியிடும் அந்தத் தூண் ஓரத்தில் போய் நான் முழங்கால்படியிட்டேன். ஐயர் கிண்ணத் தட்டோடு வந்தார். நான் கையை நீட்டவில்லை. எடுங்கம்மா என்றார். எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ.

“என் மருமக குடிச்ச பாத்திரத்துல தாங்கையா. இல்லன்னா எனக்கு வேண்டாம்” என்றேன்.

பாடிக்கொண்டிருந்த பாட்டு நின்றுபோயிற்று. ஆராதனையில் கலகம் பண்ணக் கூடாது என்று தேவாசீர்வாதம் சார் எழுந்தார். நம் ஐயர் நல்லவர், ஆனால் கமிட்டிக்கு முன்னால் அவருக்கு வாய் எழும்பாது என்று உனக்கே தெரியும். அன்றைக்கு அவர் சாரைத் திரும்பியும் பார்க்கவில்லை. மணியடிக்கிற கோயில்குட்டியைக் கூப்பிட்டு, வெள்ளிப் பாத்திரத்தை எடுத்துவரச் சொன்னார். அவரே ரசம் ஊற்றிக் கொடுத்தார். நான் குடித்தேன். அவர் சபையைப் பார்த்துத் திரும்பினார்.

“அந்தப் பிள்ளைக்குப் பின்னால யாரும் குடிக்கக் கூடாதுன்னு கடைசில விட்டீங்க. மிச்சத்த யாரு குடிச்சான்னு ஒருத்தரும் கேக்கலியே” என்றார்.

மிச்ச ரசத்தைக் கொட்டக் கூடாது, ஐயர்தான் குடித்து முடிக்க வேண்டும் என்பது நம் கோயிலில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். உன்னைக் கடைசிக்குத் தள்ளின புத்திசாலிகளுக்கு அது மட்டும் தோன்றவில்லை. மாதாமாதம் உன் வாய் பட்ட பாத்திரத்தில் அவர் குடித்திருக்கிறார். கல்லுக்குண்டு மாதிரிதான் இருக்கிறார்.

அதற்குப் பிறகு எல்லாரும் எழுந்து வந்தார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். வரவில்லை தாயி. நம் தெரு பொன்னுத்தாய் மட்டும் எழுந்தாள். அவள் மகன் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டான். எனக்குப் பின்னால் ஐயர் ஒருவர்தான் குடித்தார். வீட்டுக்கு வந்து நன்றாக அழுதேன்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். நம் வீட்டில் உடைத்தவன் என் மகன். லாரியில் ஊர் ஊராகப் போய், அந்த வியாதியைக் கொண்டுவந்து உனக்கும் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தான். அவனை நினைத்தாலும் பெற்ற வயிறு எரிகிறது. உன்னைப் பார்த்தால் கூசுகிறது. இத்தனைக்கும் நீ என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

வருகிற மாதம் ஸ்தோத்திரப் பண்டிகை. கிண்ணம் வேண்டுகிறவர்களுக்குக் கிண்ணம், ஆனால் வெள்ளிப் பாத்திரம் இனி பெட்டிக்குள் போகாது என்று ஐயர் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். நானே மதுரைக்கு வந்து உன்னைப் பஸ்ஸில் உட்கார்த்திக் கூட்டி வருவேன். அதுவரைக்கும் கஞ்சியாவது குடி, மாத்திரையைப் போடு.

இந்தத் தடவை நீ கடைசியில் வரக் கூடாது. எனக்கு முன்னால் முழங்கால்படியிடு. நீ குடித்துவிட்டுக் கொடு, அந்த ஈரம் காயும் முன்னே நான் குடிக்கிறேன்.

மகளே, பாத்திரத்துக்கு மட்டும் நீ எனக்கு முந்திக்கொள். மற்றதற்கு மூத்தவள் நான்தான் முந்த வேண்டும். என் மகன் முறை தப்பிப் போய்விட்டான். நீயும் அப்படிப் போய்விடாதே. கர்த்தர் உன்னை எனக்காக வைத்திருப்பாராக.

உனக்குப் பின்னால் நிற்கும்
மாமியார்,
ஞா. ஞானப்பூ