கொடி பிடித்தவளுக்கு வரிசை இல்லை

இன்று காலை புக்கிட் பாரு வீட்டில் நம் மகள் பாப்பா துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். கஞ்சி போட்ட வெள்ளைத் துணியில் சூடான இஸ்திரிப் பெட்டி பட்டதும், சோறு லேசாக அடிப்பிடித்ததுபோல ஒரு வாசனை எழுமே, அது கூடம்வரை வந்தது. கையிலிருந்த நாளிதழை மடித்து வைத்தேன். அதில் ஒருவர் இன ஒற்றுமையைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தார். நீ இருந்திருந்தால் ஒரு கேள்வியில் முடித்திருப்பாய்.

காஜா பெராங்கில் நாம் குடியிருந்தபோது, உன் முகத்தைப் பார்த்தவர்கள் உன் வாயை எதிர்பார்க்கவில்லை. சீனக் குழந்தையாகப் பிறந்து, பால் மறக்கும் முன்பே ஒரு தமிழ்க் குடும்பத்துக்குத் தத்துப் போனவள் நீ. காய்கறிக்காரர் சீனத்தில் விலை சொல்வார்; நீ தமிழில் பேரம் பேசுவாய். அவர் தன்னைக் கேலி செய்வதாக நினைத்துக் கோபித்துக்கொள்வார். என் உறவினர்களோ, "பொண்ணு சீனத்தியாமே, தமிழ் வருமா?" என்று உன்னிடமே தமிழில் விசாரித்தார்கள்.

பாப்பாவுக்கு உன் கண்ணும் என் நிறமும் வாய்த்தன. அவளுக்கு ஏழு வயதானபோது, விஷயத்தை முறையாக விளக்கிவிடலாம் என்று நாற்காலியில் உட்கார்ந்தேன். குடியேற்றம், வரலாறு எல்லாம் சொல்லி, "நீ பாதி தமிழ், பாதி சீனம்" என்று முடித்தேன். அடுப்படியிலிருந்து நீ கேட்டாய்: "எந்தப் பாதிங்க? மேலயா, கீழயா?"

பாப்பா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று குளிக்கும்போது, "அம்மா, தொப்புள் யாரோடது?" என்றாள்.

"என்னோடது. நான் பெத்ததுக்கு அடையாளம்."

"மத்ததெல்லாம்?"

"மத்ததெல்லாம் உன்னோடது."

வரலாற்றுப் பாடம் அத்துடன் முடிந்தது.

அவளுடைய பத்தாவது வயதில் மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. பள்ளியில் ஊர்வலம்: மூன்று இனத்துக்கு மூன்று வரிசை, அவரவர் உடை. ஒத்திகையில் அவள் கண்ணைப் பார்த்துச் சீன வரிசையில் நிறுத்தினார்கள். அங்கிருந்த பிள்ளைகள், "கெலிங், அந்தப் பக்கம் போ" என்று, இந்தியரை இளக்காரமாகச் சொல்லும் சொல்லால் விரட்டினார்கள். போனாள். "சீனத்தி வந்துட்டாடி!" என்று தமிழில் வரவேற்பு கிடைத்தது. வீட்டுக்கு வந்து பையை எறிந்தாள். "ஊர்வலத்துக்குப் போகமாட்டேன். பள்ளிக்கூடத்துக்கும் போகமாட்டேன்." நாடு விடுதலையாக இன்னும் ஒரு வாரம் இருந்தது. என் மகள் அதற்குள் நாட்டிலிருந்து விலகிக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுச் சிட்டிப் பெண்மணி வேலிக்கு அப்பால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இடுப்பில் சரோங், நெற்றியில் திருநீறு, வாயில் மலாய், வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மன். "அப்பா சூசா?" என்று மலாயில் கேட்டுச் சிரித்தார். இதில் என்ன கஷ்டம் என்கிறார். சிட்டிகள் வீட்டில் தமிழ், மலாய்க் கலப்பு நடந்து முடிந்து பல தலைமுறை ஆகியிருந்தது. நமக்கு இருந்தது ஒரு வாரம்.

மறுநாள் நீ பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு தலைமையாசிரியரிடம் போனாய். நான் பின்னால் வந்தேன். அவர் தமிழர், நல்ல மனிதர். அவரிடம் இருந்த வரிசைகள்தான் மூன்று.

"எதுல நிக்கட்டும்னு நீங்களே சொல்லிடுங்கம்மா."

இந்திய வரிசை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். என்னைப் பார்க்காமலே கையைக் காட்டி நிறுத்தினாய்.

"ரெண்டுலயும் நிக்கலாமா சார்?"

"அதெப்படிம்மா? வேணும்னா 'மத்தவங்க'ன்னு நாலாவதா ஒண்ணு போடலாம். ஆனா அதுல பாப்பா ஒரே ஆளு. ஒரு ஆளை எப்படி வரிசைன்னு சொல்றது?"

"ஒரே ஆளா நடக்கிறவங்க வேற யாருமே இல்லையா?"

அவர் யோசித்தார். "கொடி பிடிக்கிற பிள்ளை இருக்கு. எல்லாருக்கும் முன்னால போகும். அதுக்குப் பள்ளிச் சீருடைதான்."

"ஆள் வச்சாச்சா?"

"இன்னும் இல்ல..."

நீ குனிந்தாய். "கம்பு கனமா இருக்கும். பிடிப்பியா?"

"பிடிப்பேன்," என்றாள் பாப்பா.

"வச்சாச்சு சார்," என்றாய்.

நீ போட்ட கஞ்சியில் அந்தச் சீருடை ஆளில்லாமலே நின்றது. ஊர்வலம் திடலை நெருங்கியபோது கடற்காற்று கிளம்பி, கொடி அவள் முகத்தில் சுற்றிக்கொண்டது. இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. அவை நிற்கவில்லை. கம்பும் தாழவில்லை.

"யாரு வீட்டுப் பிள்ளை அது?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

சிட்டிப் பெண்மணி, "அனாக் காமி!" என்று தம் வீட்டுப் பிள்ளையாகவே உரிமை கொண்டாடினார். என் உறவினர்கள், "நம்ம பிள்ளை," என்றார்கள். அந்தச் சொல்லை அவர்கள் வாயில் அன்றுதான் கேட்டேன். உன்னைக் கோபித்த காய்கறிக்காரர்கூடச் சீனத்தில் ஏதோ சொல்லிக் கைதட்டினார். தெருவில் குரல் உயர்த்தியே அறியாத நீ கத்தினாய்: "என் மக!"

நானும் கத்தினேன். கத்திய வேகத்தில் குடை கீழே விழுந்தது. அதை எடுத்தவர் யாரென்று இதுவரை தெரியவில்லை.

பாப்பா இப்போது தலைமையாசிரியை. அடுத்த வாரம் அவள் பள்ளியில் ஊர்வலம். அதற்குத்தான் இந்தக் கஞ்சி.

"எத்தனை வரிசை போடுற?" என்று கேட்டேன்.

"உயரப்படிதான்ப்பா. குட்டை முன்னால, நெட்டை பின்னால."

"கொடி?"

"எதுலயும் நிக்க மாட்டேன்னு ஒருத்தி வருவா. வருசா வருசம் வருவாங்க."

அவளைப் பார்த்துவிட்டு, "உங்க மக என்ன இனம்?" என்று என்னிடம் விசாரிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குடியேற்றத்தில் தொடங்கும் விளக்கம் ஒன்று என்னிடம் தயாராகவே இருக்கிறது. வாயைத் திறந்தால் வருவது நீ கத்திய அந்த இரண்டு சொல்தான். கேட்டவர்களுக்கு அது போதுவதில்லை. எனக்குப் போதும்.