மெசினை நிறுத்திக் கேட்ட மீன்கள்

ஏனுங்க,

என் ஆராய்ச்சியில் பாக்கி இருக்கும் அந்த ஒரு பதிவை இன்றைக்காவது எடுத்துவிட வேண்டும் என்று காலையில் மீன்தொட்டியைத் துடைக்கத் துணி தேடினேன். அலமாரிக்கு அடியில் நீங்கள் கட்டி வைத்திருந்த பனியன் வேஸ்ட் மூட்டை கிடந்தது. பிரித்ததும் மெசின் எண்ணெய் வாசம் வந்தது. "எண்ணெ பட்டா மீன் செத்துப்போயிருமுங்க, இந்தத் துணிய இந்தப் பக்கம் கொண்டாராதீங்க" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். கேட்டால்தானே! மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நான் ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்து முதல் இரண்டு கருப்பு மீன்களை வீட்டுக்குக் கொண்டு வந்த நாளில், தலை நிறையப் பஞ்சோடு, பனியன் துணி பின்னும் நம் நிட்டிங் ஷெட்டிலிருந்து ஓடி வந்தீர்கள். கரண்ட் மீன் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

"ஏனம்மிணி, ஷாக் அடிக்குமா?"

"அடிக்காதுங்க. அது உடம்புல வர்றது ரொம்பக் கொஞ்சம் கரண்டு. இருட்டுல வழி பாக்கறதுக்கும், ஒண்ணுக்கொண்ணு பேசிக்கறதுக்குந்தான்."

நம்பாமல் விரலை விட்டுப் பார்த்தீர்கள். ஒன்றும் ஆகவில்லை என்றதும் உங்கள் முகம் போன போக்கு இருக்கிறதே! "இதுக்கா இத்தனை பாடு?" என்றீர்கள்.

தண்ணீரில் இரண்டு கம்பிகளை இறக்கி ஸ்பீக்கரில் இணைத்துக் காட்டியபோதுதான் காதைக் கிட்டே கொண்டு வந்தீர்கள். மீன் விடும் மின்சாரம் விடாத ரீங்காரமாகக் கேட்டது. இரண்டையும் பிரித்து வைத்திருந்த நடுத்தடுப்பை எடுத்ததும் இரண்டு ரீங்காரங்களும் ஒன்றோடொன்று மோதி அதிர்ந்தன. இடத்துக்காக ஒன்றையொன்று சுற்றி வந்த மீன்கள், நடுநடுவே ரீங்காரத்தைச் சட்டென்று உயர்த்திக் கீச்சிட்டன. சண்டையில் எது எப்போது கீச்சிடுகிறது, எது கடிக்கிறது, எது விலகிப் போகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. பிறகு மீன்கள் கூடின, தொட்டிகளும் கூடின.

இதற்குக் குறுக்கே நின்றவை உங்கள் நான்கு மெசின்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அவை ஓடினால் இந்தப் பக்கம் என் கம்பியில் அவற்றின் இரைச்சல்தான் ஏறும். மீன் பேசுவது அதில் அமுங்கிப் போகும். அதனால் காலையில் ஷிப்ட் மாறும்போது ஷெட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டுக் காத்திருப்பீர்கள். துணி கேட்டுப் பார்ட்டி போனில் கத்தினாலும், "கரண்டு இல்லீங்க" என்று கூசாமல் பொய் சொல்வீர்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

ஒரு நாள் துணி அனுப்பும் அவசரத்தில், சண்டை பாதியில் இருக்கும்போதே மெசினைப் போட்டுவிட்டீர்கள். ஸ்பீக்கர் முழுக்க இரைச்சல். நான் கத்தினேன். நீங்கள் உள்ளே வந்து கத்தினீர்கள். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் சேர்த்து வைத்ததெல்லாம் வெளியே வந்தது. திருநெல்வேலியிலிருந்து வந்து நம்மிடம் வேலை பார்த்த ஆபரேட்டர் எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, ரோடு வரைக்கும் கேக்குல்லா" என்றார்.

கத்தி ஓய்ந்ததும் தொட்டியைக் குனிந்து பார்த்தீர்கள். "ஏனம்மிணி, இதுக இன்னும் கடிச்சுக்கவே இல்லியே?"

"கீச்சுக்குக் கீச்சு பதில் சொல்லீட்டு இருக்கற வரைக்கும் பெரும்பாலும் கடிக்கறதில்லீங்க. என்ற மீனுக அப்பிடித்தான்."

"அப்ப நமக்குள்ளயும் கடி வராது, போ" என்று சிரித்துக்கொண்டே மெயினை அணைக்கப் போனீர்கள். அன்றைக்குத் துணி நேரத்துக்குப் போகவில்லை.

போன ஐப்பசியில் ஷெட் வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உங்கள் தம்பி மெசின்களைக் குன்னத்தூருக்கு ஏற்றிக்கொண்டு போனார். நான் கெஞ்சிக் கெஞ்சி வாங்கிய கொஞ்ச நேரத்து அமைதி, இப்போது பகலெல்லாம் இராவெல்லாம் கொட்டிக் கிடக்கிறது. வருகிறவர்களும் என்னிடம் மெதுவாகவே பேசுகிறார்கள். என்னோடு வாயாடாமல் சோறு இறங்காத உங்கள் தம்பிகூட, எதைச் சொன்னாலும் "சரிங்க அண்ணி" என்கிறார். எனக்கு எரிச்சலாக வருகிறது.

கல்லூரியில் என் வழிகாட்டி அம்மா பொறுமையாகத்தான் இருக்கிறார். இன்னும் ஒரே ஒரு ஜோடியின் சண்டையைப் பதிவு செய்தால் போதும். இந்த மாதம் அதைக் கொடுக்காவிட்டால் படிப்பு ரத்தாகிவிடும், இத்தனை வருட உழைப்பும் வீண். அது தெரிந்தும் தொட்டித் தடுப்பில் கை வைக்க மனம் வரவில்லை. நீங்கள் இறந்ததால் கிடைத்த அமைதி இது. இதில் உட்கார்ந்து வேலை பார்த்தால், நீங்கள் போனதற்கு நானும் சம்மதித்தது போல ஆகிவிடாதா? இதை யாரிடம் சொன்னாலும் பைத்தியக்காரத்தனம் என்பார்கள். நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள், இன்னும் கொஞ்சம் சத்தமாக.

நீங்களே சத்தம் போட்டது போல இருந்தது; சரி என்று மூட்டையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தேன். கம்பிகளை இறக்கித் தடுப்பைத் தூக்கினேன். இவ்வளவு சுத்தமான பதிவு எனக்கு ஒரு நாளும் கிடைத்ததில்லை. ஒன்று கீச்சிட்டது, மற்றது பதிலுக்குக் கீச்சிட்டது. ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டது. கடைசியில் சிறியது பின்பக்கமாகவே நீந்தி விலகி, ஒளிந்துகொள்ளத் தொட்டியில் போட்டிருந்த குழாய்க்குள் ஒதுங்கியது. கடி எதுவும் விழவில்லை. பதிவைச் சேமித்தேன், ஸ்பீக்கரை அணைத்தேன். அப்புறம் என்னை அறியாமலே சுவர்ப் பக்கம் திரும்பி, அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி உரக்கக் கத்திவிட்டேன்:

"ஏனுங்க, ஆச்சுங்க! மெசினப் போட்டுக்கங்க!"

படிப்பு முடிந்துவிடும். மீன்களை அடுத்து வருகிற மாணவி வாங்கிக்கொள்வாள். சுவர் தாண்டி உங்களுக்குக் கேட்க வேண்டும் என்று பழகிய இந்தக் குரல்தான் என்னிடமே தங்கிவிட்டது. பதிலுக்குக் கத்த யாரும் இல்லை, இதை வேறு யாரிடமும் உயர்த்த முடியவில்லை.