இரண்டாவது கையெழுத்து

ஒத்தக்கடை
18.7.2024

திவ்யா அப்பாவுக்கு,

நமக்கு விவாகரத்து ஆகவில்லை. கோர்ட்டில் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன்.

எனக்கு ஒரு காரியத்துக்குத் தீர்ப்பு நகல் வேண்டியிருந்தது. நமக்கு மனு போட்ட வக்கீல் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் வைத்திருந்த கட்டுகளை வீட்டார் எடைக்குப் போட்டுவிட்டார்கள். வழக்கு எண் இல்லாமல் நகல் மனு வாங்க மாட்டேன் என்கிறார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் 2012 என்ற வருஷமும் நம் இருவர் பேரும்தான். கம்ப்யூட்டரில் தேடினால் அகப்படவில்லை. தல்லாகுளத்தில் ஒரு வக்கீல் குமாஸ்தாவைப் பிடித்து, பழைய பதிவேட்டைத் தேடச் சொல்லி மனு எழுதி, ஸ்டாம்பு ஒட்டிக் கொடுத்து, சாக்குக் கடையைச் சாத்திவிட்டு நடையாய் நடந்தேன். எண் கிடைத்தது. நகலும் வந்தது. கட்டுக்கட்டாக வரும் என்று பை கொண்டுபோயிருந்தேன், ஒரே ஒரு தாள். இருதரப்பும் ஆஜராகாததால் மனு தள்ளுபடி என்று எழுதியிருக்கிறது.

"ஏம்மா, ஆறு மாசங் கழிச்சு வந்து ரெண்டாவது கையெழுத்துப் போடலையா?" என்றார் குமாஸ்தா.

"அதுக்குள்ள ஊர்ல தீத்து விட்டுட்டாகளேண்ணே" என்றேன்.

அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

நினைத்துப் பாருங்கள். முதல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தோம். அதே மாதம் பேயாண்டி பெரியப்பா ஆட்களைக் கூட்டினார். உறவு அறுந்தது என்று நீங்கள் துரும்பைக் கிள்ளி என் கையில் கொடுத்தீர்கள். நான் தாலியைக் கழற்றி வைத்தேன். எங்கள் வீட்டுப் பாத்திரம் எங்களுக்கு, உங்கள் வீட்டு நகை உங்களுக்கு என்று பிரித்து விட்டார்கள். வக்கீல் ஆள் விட்டபோது, "ஊரு தீத்ததுக்கு மேல கோர்ட்டு என்னத்தத் தீக்கப்போகுது" என்று நீங்கள் சொல்லியனுப்பினீர்கள். நானும் அதையேதான் சொன்னேன்.

ஊர் வழக்கப்படி தீர்த்ததையும் சட்டம் ஏற்குமாம். ஆனால் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். பெரியப்பா இப்போது உயிரோடு இல்லை. கூட இருந்தவர்களில் ஒருவருக்குக் காது கேட்காது, மற்றவர் கேரளாவில். எழுத்தில் ஒன்றுமில்லை.

ஆகவே நாம் இருவரும் சேர்ந்து மறுபடி மனு போட வேண்டும். வக்கீல் செலவு என்னுடையது. போனில் பேசினால் நமக்குச் சண்டைதான் வரும். எழுத்தில் இருந்தால் பிறகு வார்த்தை மாறாது. பதில் எழுதுங்கள்.

நாகஜோதி


கோச்சடை
29.7.2024

ஜோதிக்கு,

நலம். நீயும் திவ்யாவும் நலமா? சாக்குத் தூசி உனக்கு ஆகாது. உதறும்போது வாயில் துணி கட்டிக்கொள் என்று அப்போதே சொல்வேன், நீ கேட்டதில்லை.

கடிதத்தை டிப்போவுக்குப் போட்டுவிட்டாய். பஸ்ஸை எடுக்கும் நேரத்தில் டிரைவர் நீட்டி, "என்ன மாப்ள, இந்தக் காலத்துல லெட்டரு? ஆரு?" என்கிறான். இனி டிப்போ வாசலில் டீக்கடை வைத்திருக்கும் சோலை அண்ணன் பேருக்குப் போடு.

நீ எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குச் சில்லறை தப்புகிறது. அன்னக்கொடியை நான் கட்டியது 2014-இல். முகேஷ் நான்காம் வகுப்பு படிக்கிறான். வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பிறகு உன் பேரை ஆபீஸில் ஏற்றாமலே விட்டுவிட்டேன். மனைவி என்று அங்கே இருப்பது அன்னக்கொடி பேர்தான். இப்போது விவாகரத்து கேட்டுக் கையெழுத்துப் போட்டால், ஒருத்தி இருக்கும்போதே இன்னொருத்தியைக் கட்டினேன் என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகாதா? கண்டக்டர் வேலை போனால் நான் எங்கே போவேன்?

தெரியாமல் இருந்த வரைக்கும் நமக்கு ஒரு குறையும் இல்லையே. தெரியாத மாதிரியே இருந்துவிடுவோம். அந்தத் தாளைக் கிழித்துப் போடு.

எந்தக் காரியத்துக்கு நகல் என்று நீ எழுதவில்லை.

சிவக்குமார்


ஒத்தக்கடை
5.8.2024

திவ்யா அப்பாவுக்கு,

கேட்டதற்குச் சொல்கிறேன். மேலூர் ரோட்டில் எடைமேடை வைத்திருக்கும் முத்துக்கருப்பனை நான் கட்டிக்கொள்ளப் போகிறேன். பெண்சாதி இறந்துபோனவர். என் லோடு எல்லாம் அவர் மேடையில்தான் எடை. ஒரு கிலோகூட எனக்குச் சாதகமாகப் போட்டுத் தரமாட்டார். அதைப் பார்த்துத்தான் பிடித்தது.

இருவரும் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். "மொதக் கல்யாணம் முடிஞ்சதுக்குப் பேப்பர் கொண்டாங்க" என்றார்கள். அதைத் தேடப் போய்த்தான் இதில் வந்து மாட்டினேன்.

தாளைக் கிழிக்கச் சொல்கிறீர்கள். கிழித்தால் கோர்ட்டில் இருப்பது அழியுமா? நீங்கள் ஊரறிய வீடு வாசல், பிள்ளை குட்டி என்று இருக்கிறீர்கள். என்னால் ஒரு கோவிலுக்குக்கூட அவரோடு சேர்ந்து போக முடியவில்லை. "யாரு, ஒங்க அண்ணனா?" என்று கேட்கிறார்கள். நானும் ஆமாம் என்கிறேன்.

மிரட்டுவதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உள்ளதைச் சொல்கிறேன். நான் தனியாகவும் மனு போடலாம். அதற்குக் காரணம் எழுத வேண்டும். என்ன காரணம் எழுதுவேன்? அன்னக்கொடி பேரைத்தான் எழுத வேண்டி வரும். பிறகு உங்கள் வேலைக்கு நான் பொறுப்பில்லை. சேர்ந்து போட்டால், ஒத்துவரவில்லை, பிரிந்திருக்கிறோம் என்பதோடு முடியும். யாரும் கொண்டுபோய்க் கொடுத்தால் ஒழிய அது உங்கள் ஆபீஸுக்குப் போகாது. வக்கீலிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

நாகஜோதி


ஒத்தக்கடை
22.8.2024

திவ்யா அப்பாவுக்கு,

சோலை அண்ணன் நல்ல ஆள்தான். மதியச் சோறு கொடுக்க வந்த உங்கள் வீட்டுக்காரியிடம், "தங்கச்சி, அவுகளுக்குத் தபாலு" என்று என் கடிதத்தைக் கொடுத்துவிட்டாராம். அதனால்தான் உங்களிடமிருந்து பதில் இல்லை என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

அன்னக்கொடி கடைக்கு வந்துவிட்டாள். பஸ் மாறி, வியர்த்து விறுவிறுத்து வந்து சாக்குக்கட்டின் மேல் உட்கார்ந்தாள். படபடவென்று பேசுவாள் என்று நினைத்தேன்.

"அக்கா, ஒங்களுக்கும் அவுகளுக்கும் தீரலையாம்ல. அப்ப நான் ஆருக்கா?" என்றாள். பிறகு அழுதாள்.

"அழுகுறதுன்னா தள்ளி உக்காந்து அழு. சாக்கு நனஞ்சா வெல போகாது."

சிரித்துவிட்டாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அவுகளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா பென்சன் ஒங்களுக்கா, எனக்கா?"

"எனக்குத்தான். நீ எம்புட்டு அழுதாலும் எனக்குத்தான்."

"வாங்கிக்கிருவீகளா?"

"யாவாரிகிட்ட வந்து கேக்குற கேள்வியா இது?"

அப்படிச் சொன்னேனே தவிர, அவள் முகத்தைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவளும் எந்தத் தப்பும் செய்யாமல் வந்து உட்கார்ந்திருக்கிறாள். வெயில் தாழப் போகச் சொல்லி, மோர் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

நீங்கள் கையெழுத்துப் போடாமல் இருப்பது அவளைக் காப்பாற்ற என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவளுக்குத்தான் இந்தத் தாள் என்னைவிட அவசரம். இன்று ராத்திரி வீட்டில் உங்களிடம் சொல்வாள்.

நாகஜோதி


கோச்சடை
10.9.2024

ஜோதிக்கு,

சொன்னாள். அன்றிலிருந்து எனக்குத் தட்டில் சோறு விழுகிறது, பேச்சு விழுவதில்லை. முகேஷிடம் சொல்லி என்னிடம் பேசுகிறாள். சரி, கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் இரண்டு விஷயம். நீயோ, உன் சார்பில் யாருமோ என் ஆபீஸுக்கு எழுத மாட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடு.

இன்னொன்று. திவ்யாவுக்குத் தை மாதம் கல்யாணம் என்று போன வாரம் டிக்கெட் கிழிக்கும்போது ஊர்க்காரர் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. "மகளுக்கு எந்த ஊரு மாப்பிள்ளண்ணே?" என்று அவர் கேட்கிறார். எனக்குத் தெரியவில்லை. நாற்பது பேர் முன்னால் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன்.

மணவறையில் நான்தான் நிற்பேன். நீ என் பக்கத்தில் நிற்க வேண்டும். பத்திரிகையில் தகப்பன் என்று என் பேர். அந்த எடைமேடைக்காரர் பேர் பத்திரிகையிலும் வரக்கூடாது, ஆளாக மண்டபத்துக்கும் வரக்கூடாது.

சிவக்குமார்


ஒத்தக்கடை
16.9.2024

திவ்யா அப்பாவுக்கு,

முதல் விஷயம்: அப்படி ஒரு தாள் எழுதித் தந்தால், மறைக்க ஏதோ இருக்கிறது என்பதற்கு அதுதான் முதல் சாட்சி. உங்களுக்கு நீங்களே ஆப்பு சீவிக் கேட்கிறீர்கள். என் வாய் வார்த்தை போதும்.

இரண்டாவதற்கு ஒப்பமாட்டேன். திவ்யா காலேஜ் சேர்ந்தபோது கூட வந்தவர் அவர். டெங்கு வந்து படுத்தபோது ரத்தத்துக்கு அலைந்தவர் அவர். தகப்பன் என்று உங்கள் பேரைப் போடுகிறேன், மறுக்கவில்லை. அவர் முன்வரிசையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் உங்களுக்கு என்ன குறைந்துபோகும்?

வேறு எதையாவது கேளுங்கள்.

நாகஜோதி


கோச்சடை
27.9.2024

ஜோதிக்கு,

எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். என் சொந்தபந்தம் பூராவும் அங்கே இருக்கும். அந்த ஆள் உட்கார்ந்திருக்க, நான் மகளைத் தாரை வார்க்க முடியாது. இதற்கு ஒத்துக்கொண்டால் நாளைக்கே கோர்ட்டுக்கு வாரேன். இல்லையென்றால் அன்னக்கொடி பட்டினி போட்டாலும் வரமாட்டேன்.

சிவக்குமார்


ஒத்தக்கடை
20.11.2024

திவ்யா அப்பாவுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம், வேறு வழி இருக்கிறதா என்று பார்த்தேன். தனியாக மனு போட்டால் வருஷக்கணக்காக இழுக்கும், அன்னக்கொடியைக் கூண்டில் ஏற்ற வேண்டும். இரண்டு வக்கீல் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். பதிவில்லாமலே கோவிலில் வைத்துக் கட்டிக்கொள்ளலாமா என்று முத்துக்கருப்பனிடம் நானே கேட்டேன். "ஒன்னய யாரும் நாளப்பின்ன கைநீட்டிப் பேசக்கூடாது. தாளு வரட்டும்" என்றார். உங்கள் நிபந்தனையையும் சொன்னேன். "அதுக்கென்ன, அன்னைக்கு மேடைய யாரு பாத்துக்கிறது" என்றார். அன்றிலிருந்து திவ்யா கல்யாணப் பேச்சு எடுத்தால் லோடு வந்துவிட்டது என்று எழுந்து போய்விடுகிறார்.

திவ்யாவிடமும் சொன்னேன். "என் கல்யாணத்த என்னயக் கேக்காமலே வித்துட்டியாம்மா" என்றாள். முத்துக்கருப்பனுக்குப் பத்திரிகையைத் தானே கொண்டுபோய்க் கொடுக்கப்போவதாகச் சொல்கிறாள். கொடுக்கட்டும். அவர் வரமாட்டார்.

அன்னக்கொடியை அழைத்தேன். "நான் வரலக்கா. நான் வந்தா அவுக ஒங்க பக்கத்துல நிக்க முடியாது. தாளு வரட்டும், அது போதும்" என்றாள்.

நீங்கள் இரண்டு கையெழுத்தையும் முன்னாலேயே போட்டுவிட்டால், பிறகு நான் உங்களை மண்டப வாசலில் நிறுத்திவிடுவேன் என்று உங்களுக்குப் பயம். மணவறையில் நின்றுவிட்டுப் பிறகு நீங்கள் கோர்ட்டுப் பக்கம் தலைவைக்கமாட்டீர்கள் என்று எனக்குப் பயம். ஆகவே பாதிச் சரக்கு முன்னால், பாதி பின்னால் என்று வைத்துக்கொள்வோம். பிரிந்தே வெகுகாலம் ஆகிவிட்டதால் ஆறு மாதத் தவணையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம் என்கிறார் வக்கீல். கேட்க வேண்டாம் என்றுவிட்டேன். தை மாதக் கல்யாணம் இரண்டு கையெழுத்துக்கும் நடுவில் வரட்டும். அன்றைக்கு நான் உங்கள் பக்கத்தில் நிற்பதில் சட்டப்படி பொய் ஒன்றும் இருக்காது.

முடிவானது இதுதான். டிசம்பர் நான்கு, புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கோர்ட்டில் முதல் கையெழுத்து. ஆதார் அட்டையும் போட்டோவும் கொண்டுவர வேண்டும். பத்திரிகையில் தகப்பன் என்று உங்கள் பேர், மணவறையில் நீங்களும் நானும். முத்துக்கருப்பன் பேர் பத்திரிகையில் இல்லை, மண்டபத்துக்கு வரமாட்டார். உங்கள் ஆபீஸுக்கு என் பக்கமிருந்து ஒரு வரி போகாது. வரும் ஜூன் மாதம் கோர்ட் எந்தத் தேதி சொல்கிறதோ, அன்றைக்கு இரண்டாவது கையெழுத்து. ஜீவனாம்சம் உங்களிடம் நானும் கேட்கமாட்டேன், கடையில் பங்கு என்னிடம் நீங்களும் கேட்கமாட்டீர்கள்.

நாகஜோதி